சிக்னல் தெரிகிற சீட்

9 ஜூன் 2003, திங்கள்

காலையிலேயே தூறல். மாடியில் காயப்போட்ட துணி மறுபடி நனைந்தது. கோடை லீவு முடிந்து இன்று ஜெயநகரில் அசோகனின் பயிற்சி சென்டர் திறப்பு. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், அப்பளம் தனியாகக் காகிதத்தில் சுற்றி. ஷூ பத்தவில்லை, விரல் முட்டுகிறது. புதிது வாங்க வேண்டும்.

பெற்றவள் நான், லீவு முழுக்கப் பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லை. பிள்ளை என் உயரத்தைத் தாண்டிவிட்டான். மேலுதட்டில் மீசை நன்றாகவே கறுத்துவிட்டது. பதினாறு வயது. பேச்சு மட்டும் அதே நாலு வயதுப் பேச்சு.

அல்சூர் ஏரி ஸ்டாப். வழக்கமான பஸ். வழக்கமான இடம்: டிரைவருக்கு இடப்பக்கம், முன் கண்ணாடியை ஒட்டிய இரண்டு பேர் சீட். ஜன்னல் பக்கம் அசோ, இந்தப் பக்கம் நான். அங்கே உட்கார்ந்தால் சிக்னல் தெரியும். 'சிவப்பு' என்பான், பஸ் நிற்கும். 'பச்சை' என்பான், கிளம்பும். ஜெயநகர் வரை அவனுக்கு அதுதான் வேலை. டிரைவர்களுக்கும் பழகிவிட்டது. மூன்று வருடமாக இப்படித்தான்.

இன்று புது கண்டக்டர். இளம் வயது, பெயர்ப் பட்டையில் மஞ்சுநாத். "ஏனம்மா, இது லேடீஸ் சீட். ஹுடுகன்ன ஹிந்தே களிசி." பையனைப் பின்னால் அனுப்ப வேண்டுமாம். கன்னடத்திலேயே விளக்கினேன், இவனுக்கு மூளை வளர்ச்சி குறைவு, என்னை விட்டு இருக்க மாட்டான் என்று. கண்டக்டர் அசோவைப் பார்த்தார். மீசையைத்தான் பார்த்தார்.

பின் சீட்டில் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி, கழுத்தில் கம்பெனி அட்டை. இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். 'பிக் பாய்' என்பது மட்டும் புரிந்தது.

எழுந்துகொண்டோம். ஜெயநகர் வரை நின்றபடியே. ஆட்கள் மறைத்ததால் சிக்னல் தெரியவில்லை. எதற்காக பஸ் நிற்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. நின்றபோதெல்லாம் என் கையை இறுக்கினான். நகம் பதிந்த தடம் இன்னும் போகவில்லை.

10 ஜூன், செவ்வாய்

இன்றும் அதே பஸ், அதே கண்டக்டர். வாதாட மனமில்லை. இரண்டு பேருமாகப் பின் பக்கம் போனோம், ஆண்கள் இருக்கும் பக்கம்.

நான் ஒருத்திதான் பொம்பளை. ஒரு பெரியவர் அசோவுக்கு இடம் கொடுத்தார், நல்ல மனுஷர். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். ட்ரினிட்டி சர்க்கிள் வருவதற்குள் எவனோ ஒருவனுடைய கை என் மேல். திரும்பி முறைத்தேன். எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரிச்மண்ட் சர்க்கிளில் பஸ் நெடுநேரம் நின்றது. அசோ 'ஏன், ஏன்' என்று ஆரம்பித்தான். முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை மோதத் தொடங்கினான். "ஏ, சாவ்கிராக்கி, கூட்டினு எறங்கும்மா" என்று ஒரு குரல், நம் தமிழ்தான். இறங்கிவிட்டோம். மிச்ச தூரம் மழையில் நடை. நெற்றியில் வீக்கம்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சென்டரிலிருந்து நடக்கிற தூரம். அதனால்தான் அந்த வேலையைப் பிடித்தேன். துணி அறைக்கு நான் போனபோது ஆபரேஷன் தியேட்டருக்கான விரிப்பு எல்லாம் வேறு யாரோ எண்ணி அனுப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

இரவு இவரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் அத்திபெலே கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் வேலை முடித்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பட்ட அந்தக் கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஆம்பளப் புள்ள, ஆம்பளைங்க பக்கம்தான் உக்காரணும். நீ கூட இருந்தா கொஞ்சுவான். நாளைக்கு நான் லீவு போட்டு கூட்டினு போறேன். பழகிக்குவான்."

சரி என்றேன். ஒரு நாளாவது பார்க்கட்டும்.

11 ஜூன், புதன்

மதியத்துக்கு முன்பே இருவரும் திரும்பிவிட்டார்கள். இவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து என்னை வரச் சொன்னார்.

அசோவின் சட்டைப் பை கிழிந்திருந்தது. கன்னத்தில் விரல் தடம். இவர் மணிக்கட்டில் பல் தடம்.

நடந்தது: பின் பக்கம் இடமில்லை. கூட்டத்தில் அசோ பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அந்த ஆள் விடு விடு என்று சொல்லி, விடாததால் அறைந்துவிட்டான். இவர் அவனை அடித்தார். மற்றவர்கள் பிரித்துவிடப் பார்த்த நேரத்தில் அசோ யாரென்று தெரியாமல் அப்பாவைக் கடித்தான். கண்டக்டர் மூவரையும் இறக்கிவிட்டார்.

இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நிறுத்திடலாம் வசந்தா" என்றார். "யாரோ ஒருத்தன் எம் புள்ளய அறையறதுக்கா பஸ்ஸுல ஏத்துறோம்?"

அசோவின் கன்னத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். கேஸ் சிலிண்டர் நாளைக்கு வரும்.

13 ஜூன், வெள்ளி

வெயில். நான் லீவு.

காலையில் பஸ் நேரத்துக்கு அசோ தானாகவே ஷூ போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "இன்னைக்கு லீவுடா" என்றேன். நின்றான். உள்ளே இழுத்தேன், வரவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்து, பாட்டு முடிந்து, விளம்பரம் முடிந்தது. பிறகுதான் உட்கார்ந்தான். பையைக் கழற்றவில்லை.

16 ஜூன், திங்கள்

இன்றும் வாசலில் நின்றான்.

சென்டரிலிருந்து டீச்சர், கீழ்க்கடைக்குப் போன் செய்தார். மருந்துக்கடைகளுக்குப் போகும் காகித உறைகளில் பசை போடுவது அசோவின் வேலை. வேறு பிள்ளைகள் போட்டால் ஓரம் ஒட்டிக்கொள்கிறதாம். "அவன் உக்காந்த இடத்துல வேற யாரையும் உக்கார வெக்கலம்மா. அனுப்புங்க." எப்படி அனுப்புவது என்று கேட்டேன். ஆட்டோ பார்க்கலாமே என்றார். தினமும் போக வர ஆட்டோ என்றால் நான் அந்த வேலைக்குப் போவதே ஆட்டோக்காரருக்குத்தான். டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை.

சூப்பர்வைசரும் ஆள் அனுப்பியிருந்தார். வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

17 ஜூன், செவ்வாய்

டிப்போவுக்குப் போனேன். அசோவையும் கூட்டிக்கொண்டுதான், யாரிடம் விடுவது. வரிசையாக நிற்கும் பஸ்களைப் பார்த்து அவனுக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் நிற்கிறதே, சிக்னல் எங்கே என்று தேடினான்.

மேனேஜர் மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார். டாக்டர் சர்டிபிகேட் காட்டினேன், அவனுக்கு ஆறு வயதில் வாங்கியது. முழுக்கப் படித்தார்.

ஊனமுற்றோர் சீட் இருக்கிறதே என்றார். இருக்கிறது, நடுவில், கதவுக்குப் பின்னால். அங்கிருந்து முன் கண்ணாடி தெரியாது. ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தோம். கால் நன்றாக இருக்கிறவனுக்கு இந்த சீட் எதற்கு என்று ஊன்றுகோல் வைத்திருந்தவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

"லேடீஸ் சீட்டை நான் ஒருத்தருக்காகத் தளர்த்தினா நாளைக்கு எல்லா ஆம்பளையும் உக்காருவான். அப்புறம் பொம்பளைங்களே வந்து எங்கிட்ட சண்டை போடுவாங்க. அந்த சீட்டு எவ்ளோ சண்டை போட்டு வந்ததுனு உங்களுக்கே தெரியும்."

தெரியும். முந்தாநாள்... இல்லை, போன வாரம் செவ்வாய்க்கிழமை நன்றாகவே தெரிந்தது.

"எனக்குப் புரியுதும்மா. பார்க்கறவங்களுக்குப் புரியணுமே. ஒரு அட்டையில எழுதி கழுத்துல மாட்டிடுங்க. கண்டக்டரும் கேக்க மாட்டான், ஜனமும் கேக்காது."

நன்றி சொல்லி வந்துவிட்டேன். அசோ வர மறுத்து பஸ் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு மெக்கானிக் ஹாரன் அடிக்க விட்டார். அப்புறம்தான் வந்தான்.

18 ஜூன், புதன்

அட்டை. எழுதலாமா, வேண்டாமா. நாள் முழுக்க அதே யோசனை.

இவரிடம் சொன்னேன். "மாட்டினா இன்னா தப்பு? அறைய மாட்டான் இல்ல?"

அவரே எழுதினார். பெயின்ட் வேலைக்காரர், கை நேர்த்தி. வெள்ளை அட்டை, நீல எழுத்து. கன்னடத்தில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. புத்தி வளர்ச்சி குறைந்தவன், உதவி செய்யவும். எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. அதைப் பார்த்துதான் எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

19 ஜூன், வியாழன்

அட்டையோடு போனோம். முன் சீட்.

மஞ்சுநாத் படித்தார். தலையாட்டிவிட்டு நகர்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிச்மண்ட் சர்க்கிள், லால்பாக், எல்லாச் சிக்னலிலும் அசோ சொல்லி பஸ் நின்றது, அசோ சொல்லிக் கிளம்பியது. சிரித்துக்கொண்டே வந்தான்.

பின் சீட்டில் ஒரு அம்மா அட்டையைப் படித்துவிட்டுத் தன் குழந்தையைத் தூக்கி மடியின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தை அசோவின் காலரைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எங்களைச் சுற்றி நிற்கும் கூட்டமும் கொஞ்சம் தள்ளியே நின்றது. காற்றோட்டமாக இருந்தது.

சென்டர் வாசலில் கழற்றிப் பைக்குள் வைத்தேன். டீச்சர் பார்க்க வேண்டாம் என்று.

வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். சூப்பர்வைசர், "வந்துட்டியா" என்றார். அவ்வளவே.

20 ஜூன், வெள்ளி

அட்டையோடுதான். பஸ்ஸில் நஸ்ரீன் அக்கா. ஊரிலிருந்து நேற்றுத்தான் வந்தாராம். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, ரிச்மண்ட் சர்க்கிளில் இறங்குவார். எங்களுக்குப் பின் சீட்தான் எப்போதும். அசோவைச் சின்னதிலிருந்து பார்க்கிறவர்.

ஏறியதும் அசோவின் கழுத்தைப் பார்த்தார்.

"அரே, ஏ கியா? இன்னா இது போர்டு? மாட்டுச் சந்தையா இது?"

"டிப்போல சொன்னாங்க அக்கா. இல்லன்னா உக்கார வுட மாட்றாங்க."

"யாரு வுடல? எவன்?" மஞ்சுநாத் டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார். நஸ்ரீன் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னடமும் உருதுவுமாக ஒரே வேகம். இந்தப் பிள்ளை எனக்குத் தெரிந்தவன், யார் மேலும் கை வைக்க மாட்டான், எந்தப் பொம்பளைக்குத் தொந்தரவு, அவள் வந்து என்னிடம் சொல்லட்டும்.

மஞ்சுநாத் முகம் சிவந்துவிட்டது. அவர் சொன்னதை எழுத வேண்டும். கெட்டவர் இல்லை. "செக்கிங் வந்தா எனக்குத்தான் மெமோ, அம்மா. நான் வேலைக்குச் சேந்தே ஆறு மாசம் ஆகல. லேடீஸ் சீட்டுல ஆம்பளைய உக்கார வெச்சேன்னு எழுதுவாங்க. அதுக்கு யார் வருவா?"

"நான் வர்றேன்" என்றார் அக்கா.

அசோவின் கழுத்திலிருந்து அட்டையை அவரே கழற்றி என் மடியில் போட்டார். "கேட்டா சொல்லு. கேக்கறதுக்கு முன்னாடி நக்கோ, வேணாம்."

கம்பெனி அட்டைப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆன்ட்டி, நீங்க தமிழா?" என்றாள். ஆமாம் என்றேன். கோயம்புத்தூர்ப் பெண்ணாம். ஜெயநகரில் கம்ப்யூட்டர் கம்பெனி. "அன்னிக்கு நான்தாங்க கம்ப்ளெயின்ட் பண்ணேன். எனக்குத் தெரியலீங்க." பரவாயில்லை என்றேன். உண்மையில் பரவாயில்லை என்று அப்போது தோன்றவில்லை.

அவள் இறங்கும்போது பார்த்தேன். நடக்கும்போது கழுத்து அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

24 ஜூன், செவ்வாய்

அட்டை இல்லாமல் இன்று மூன்றாவது... சரி, எண்ண வேண்டாம்.

ஏறுகிற பெண்கள் கேட்டால் சொல்கிறேன். சிலர் சரி என்கிறார்கள். சிலர் முணுமுணுக்கிறார்கள். ஒருத்தர், "இந்த மாதிரிப் பிள்ளைங்கள வீட்லயே வெச்சுக்கலாமே" என்றார். நஸ்ரீன் அக்கா திரும்பி, "உன்னை வீட்ல வெச்சா நீ இருப்பியா?" என்றார்.

அசோவுக்குப் புது ஷூ. கறுப்பு. தூங்கும்போதும் கழற்ற மாட்டேன் என்கிறான்.

2 ஜூலை, புதன்

லால்பாக் அருகே செக்கிங். இருவர். ஒருவர் பின்னாலிருந்து, ஒருவர் முன்னாலிருந்து. முன்னால் வந்தவர் வயதானவர். அசோவைப் பார்த்து, "ஏளப்பா" என்றார், எழுந்திரு என்று. அசோ எழவில்லை. சிவப்பு விழுந்திருந்தது, அவனுக்கு வேலை இருந்தது.

மஞ்சுநாத் கூட்டத்தை நெருக்கிக்கொண்டு வந்தார். "சார், அவன் அம்மா கூட வந்திருக்கான். நான்தான் உக்காரச் சொன்னேன்."

அவர் சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று இருந்தது: நான்தான் உக்காரச் சொன்னேன்.

செக்கிங்காரர் சர்டிபிகேட் கேட்டார். கொடுத்தேன். பழைய காகிதம், மடிப்பில் கிழிசல். பச்சை விழுந்து பின்னால் வண்டிகள் ஹாரன். படித்து முடித்து, "இதில் ஜன்னல் சீட் என்று எழுதியில்லையே" என்றார். கிண்டலா, நிஜமாகவா தெரியவில்லை. நஸ்ரீன் அக்கா வாயைத் திறந்தார். நான் கையைப் பிடித்து அழுத்தினேன், வேண்டாம் என்று.

"முன்னாடி பாக்கலன்னா பயப்படுவான் சார். சிக்னல் பாத்தாத்தான் அமைதியா இருப்பான்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அசோ பார்க்கும் பக்கம் பார்த்தார். மஞ்சுநாத்தின் தாளில் ஏதோ எழுதினார். இறங்கிப் போனார்.

என்ன எழுதினார் என்று கேட்டேன். மஞ்சுநாத் காட்டவில்லை. "விடும்மா" என்றார்.

இரவு இவரிடம் சொன்னேன். "அந்தக் கண்டக்டர் பையனுக்கு எதுனா ஆயிடப் போவுது" என்றார். எனக்கும் அதே கவலை. நாளைக்கு அவருக்கு மைசூர் பாகு வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசனை. லஞ்சம் மாதிரி ஆகிவிடுமோ. வேண்டாம்.

8 ஜூலை, செவ்வாய்

மஞ்சுநாத்துக்கு மெமோ வரவில்லை. எழுதியது 'கவனிக்கப்பட்டது' என்று மட்டும்தானாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை. சிரித்தார். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்க்கிறேன்.

பஸ் தினமும் மாறுகிறது. ஒரு நாள் முன் சீட் உடைந்திருக்கும், ஒரு நாள் அங்கே ஸ்டெப்னி டயர். டயர் இருந்த நாள் அசோ அதன் மேலேயே உட்கார்ந்து வந்தான். டிபன்: தக்காளி சாதம். மிச்சம் வைத்துவிட்டான்.

நஸ்ரீன் அக்கா மகளுக்குப் பிரசவம், தும்கூர் போகிறார். இந்த மாதம் முழுக்க வர மாட்டார்.

16 ஜூலை, புதன்

அசோ தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

ராத்திரியிலிருந்து காய்ச்சல். இவர் கம்பெனி பஸ்ஸுக்கு விடியலிலேயே போய்விட்டார். அசோவிடம், "இன்னைக்கு லீவு, அம்மாவுக்கு ஜுரம்" என்று சொன்னேன். மாத்திரை போட்டுப் படுத்தேன். கதவுத் தாழ்ப்பாளை அவனே திறந்துகொண்டு போவான் என்று நினைக்கவே இல்லை.

விழித்தால் வீடு அமைதி. ஷூ இல்லை. பை இல்லை.

நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஸ்டாப்பில் யாரும் இல்லை. கொய்யாப்பழ வண்டிக்காரர், "உம் புள்ள அப்பவே ஏறிட்டானேம்மா. நீ பின்னாடி வருவேன்னு நெனச்சேன்" என்றார். ஏரியைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எழுத வேண்டாம்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்டருக்குப் போன். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. பூத்காரர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அப்புறம் டீச்சர் எடுத்தார்.

"அசோகனா? பசை போட்டுட்டிருக்கானே. ஒரு கண்டக்டர் கையப் புடிச்சு வாசல்ல கொண்டாந்து உட்டார். நீங்க பஸ்ஸுலயே இருக்கீங்கன்னு நெனச்சேன்."

போனைப் பூத்காரர்தான் வைத்தார்.

பூத்திலிருந்தே இவர் கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன், மாலை நேராகப் போய் அழைத்து வந்தார். அசோவை இரண்டு அடி அடித்தேன். அவன் அழவில்லை. நான்தான். இவர் தாழ்ப்பாளுக்குப் பூட்டு மாட்டினார்.

17 ஜூலை, வியாழன்

காய்ச்சல் இறங்கியிருந்தது. தலை மட்டும் கனம். வீட்டில் இருக்க முடியவில்லை, கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மஞ்சுநாத்தைப் பார்த்ததும் கும்பிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பஸ்ஸ நிறுத்திட்டா போனீங்க?"

"ரோடு பெருசாச்சே அம்மா. அவன் தனியா எப்படி தாண்டுவான்?"

"யாரும் சத்தம் போடலயா?"

"போட்டாங்க."

அதற்குள் அடுத்த ஸ்டாப். டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார்.

கோயம்புத்தூர்ப் பெண் அவள் வழக்கமான இடத்தில். அசோ உள்ளே நுழைந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். நான் இன்னும் உட்காரவில்லை, தலை சுற்றியது, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து நீங்க வரலைல்லீங்க ஆன்ட்டி. உங்க சீட்ல யாரையும் உக்காரவே விடலீங்க இவன். கைய வெச்சுட்டே வந்தான். எவ்ளோ கூட்டம் தெரியுங்களா. நான்கூடக் கேட்டேன், அக்கா உக்காந்துக்கட்டுமான்னு. 'அம்மா'ன்னு சொல்லிட்டு கைய எடுக்கவே இல்லீங்க."

"மத்தவங்க?"

"ஒரு அம்மா திட்டுனாங்க. அப்புறம் அவங்களும் நின்னுட்டாங்க. ஜெயநகர் வரைக்கும் அந்த எடம் காலியாவே வந்துச்சுங்க."

அசோ என்னைப் பார்க்கவில்லை. அவன் கை சீட்டின் மேல்தான் இருந்தது. நான் குனிந்ததும் எடுத்துக்கொண்டான். உட்கார்ந்தேன்.